க்ரொய்ட்ஸ் குடும்பத்தைத் தேடிய கதை: ஜெர்மன் பதிவேடுகளில் எழுத்து மாறும் பெயர்கள்

என் மாமியாரின் பிறந்த வீட்டுப் பெயர் க்ரொய்ட்ஸ். ஜெர்மன் எழுத்தில் கே, ஆர், ஈ, யூ, டி, இசட் (Kreutz). ஊர், ரைன் நதிக்கு மேற்கே ப்ஃபால்ஸ் பகுதியில், கைசர்ஸ்லவுட்டர்ன் பக்கம் ஒரு சிற்றூர். அந்த வம்சாவளியை எட்டும் தூரம்வரை தேடித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டபோது அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "டி இல்லாமல் வெறும் இசட் போட்டு எழுதுகிறவர்கள் வேறு ஆட்கள். அவர்களை நம் கணக்கில் சேர்க்காதே." ஜெர்மன் குடும்பங்களில் இப்படிப்பட்ட நிபந்தனை சகஜம். மையர் என்ற பெயரை ஏ-ஐ, ஏ-ஒய், ஈ-ஐ, ஈ-ஒய் என்று நாலு விதமாக எழுதும் வீடுகள் ஒன்றையொன்று சொந்தமென்று ஏற்பதில்லை. இன்றைக்கு அது நியாயம்தான். இருநூறு வருஷம் பின்னால் போனால் அந்த வேலி கிடையாது.

வேலி எப்போது வந்தது என்று ஓரளவு சொல்லலாம். 1875-இல் இயற்றிய பேரரசுச் சட்டம், 1876 ஜனவரி 1 முதல் ஜெர்மனி முழுக்கப் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசுப் பதிவகத்தின் பொறுப்பாக்கியது. பிரஷ்யா அதற்குக் கொஞ்சம் முன்னால், 1874 அக்டோபரிலேயே தொடங்கிவிட்டது. பிறப்புப் பதிவில் என்ன எழுத்தோ அதுவே கல்யாணப் பதிவிலும் வர வேண்டும் என்ற கறார் அதற்குப் பிறகுதான் இறுகியது. அதுவரை பெயருக்கு ஒலிதான் நிலை. எழுத்து, பேனா பிடித்தவர் பாடு; பிடித்தவர் பெரும்பாலும் திருச்சபைப் பதிவேட்டை எழுதிய பாதிரியார். ஆகவே மாமியாரின் தாத்தா வரைக்கும் வேலை சுலபமாக ஓடியது. அதற்கு மேலேதான் ஆட்கள் காணாமல் போனார்கள்.

தேடலில் இறங்குமுன் முதல் வேலையாக அந்தப் பெயர் என்னென்ன வேஷம் போடக்கூடும் என்று ஒரு பட்டியல் எழுதினேன். குத்துமதிப்பாக அல்ல, அந்த ஊர்ப் பேச்சை வைத்து. ப்ஃபால்ஸ் வட்டாரப் பேச்சில் உதடு குவித்துச் சொல்லும் உயிரொலிகள் தட்டையாகிவிடும். ம்யுல்லர் அங்கே மில்லர், பொதுஜெர்மனில் 'ஒய்' என்று ஒலிப்பது அங்கே 'ஐ'. எனவே க்ரொய்ட்ஸ், ஊர்வாயில் க்ரைட்ஸ். ஈ-யூ இருக்க வேண்டிய இடத்தில் ஈ-ஐ வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இரண்டாவது, வன்மையாக ஒலிக்கும் மெய்க்கும் மென்மையாக ஒலிக்கும் மெய்க்கும் உள்ள வித்தியாசம். கே-யும் ஜி-யும், டி-யின் இரண்டு வகையும் (T, D), பி-யின் இரண்டு வகையும் (P, B) அந்த வட்டாரத்தார் காதில் சரியாகப் பிரிவதில்லை. ஆர் ஒலிக்கு முன்னால் வரும் கே, பெரும்பாலும் ஜி போலத்தான் கேட்கும். மூன்றாவது, பழைய பாதிரியார்களுக்கு லத்தீன் பழக்கம். கே போட வேண்டிய இடத்தில் சி போடுவார்கள். கடைசியில் வரும் 'ட்ஸ்' ஒலிக்கு டி-இசட், வெறும் இசட், டி-எஸ் என்று மூன்று வழி. முதலெழுத்துக்கு மூன்று, நடுவுக்கு இரண்டு, கடைசிக்கு மூன்று என்று பெருக்கினால் பதினெட்டு உருவம். எல்லாமே பதிவேட்டில் வராது. ஆனால் எது வந்தாலும் அடையாளம் தெரியும்.

இங்கே தமிழ் எழுத்து எனக்கு ஒரு வேலை செய்து கொடுத்தது. சந்தேகமான பெயர் எதைப் பார்த்தாலும் அதை ஓரத்தில் தமிழில் எழுதிப் பார்ப்பேன். சி, கே, ஜி மூன்றும் 'க்' ஆகிவிடும். வன்மை மென்மைத் தகராறு தானாகத் தீரும். கடைசியில் க்ரொய்ட்ஸ், க்ரைட்ஸ் என்ற இரண்டே உருவம் மிஞ்சும். ஜெர்மன்காரர்கள் இதற்கென்று ஒரு குறியீட்டு முறையே வைத்திருக்கிறார்கள். 1969-இல் ஹான்ஸ் யோவாகிம் போஸ்டல் வகுத்த 'கொலோன் ஒலிக்குறி'. மெய்யெழுத்துகளை ஒலி இனத்துக்கு ஒரு இலக்கமாக மாற்றும். முதலெழுத்தாக வந்தாலொழிய உயிரெழுத்து எல்லாம் விழுந்துவிடும். அடுத்தடுத்து வரும் ஒரே இலக்கம் ஒன்றாகும். கே, ஜி, ஆர்-க்கு முன் வரும் சி ஆகியவை 4. ஆர் 7. எஸ், இசட், அவற்றுக்கு முன் வரும் டி எல்லாம் 8. ஆக, டி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஈ-யூ என்றாலும் ஈ-ஐ என்றாலும், சி, கே, ஜி எதில் தொடங்கினாலும் நம் பெயர் 478.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் க்ரவ்ஸ் என்ற பெயரும் 478. க்ரோஸ் என்ற பெயரும் 478. இரண்டும் ஜெர்மனியில் தெருவுக்குத் தெரு இருப்பவை. இந்தக் குறியை வைத்து ஒரு தரவுத்தளத்தில் தேடியபோது வந்து குவிந்ததில் பெரும்பகுதி அந்த இரண்டு பெயர்க்காரர்கள்தான். ஒலிக்குறி நல்ல வலை, மோசமான தராசு. அள்ளுவதற்குப் பயன்படுத்தலாம், முடிவெடுக்கக் கூடாது.

இன்னொரு குறை, அது காதின் பிழையை மட்டும் அறியும். கண்ணின் பிழையை அறியாது. இணையத்தில் தேடும்போது நாம் பார்ப்பது பழைய பதிவேட்டை அல்ல. அதை யாரோ படித்துத் தட்டச்சிட்ட பட்டியலை. மூலம் இருப்பது குர்ரெண்ட் என்ற பழைய கையெழுத்து வடிவத்தில். 1941-இல் பள்ளிகளிலிருந்து அந்த எழுத்து வகை விலக்கப்பட்டது. இன்றைய ஜெர்மானியர் பலரால் தங்கள் கொள்ளுத்தாத்தாவின் கடிதத்தைப் படிக்க முடியாது. குர்ரெண்டில் சின்ன ஈ-யும் சின்ன என்-னும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, இரண்டு கூர்க் கோடுகள். யூ-வும் அதே இரண்டு கோடுதான். தலைக்கு மேல் ஒரு வளைவு போட்டு என்-னிலிருந்து பிரிப்பார்கள். எழுதியவர் வளைவை மறந்தாலோ மை மங்கியிருந்தாலோ க்ரொய்ட்ஸ், க்ரென்ட்ஸ் ஆகிவிடும். அதற்குக் குறி 4768. தலைப்பெழுத்து கே-யை ஆர் என்று படிப்பதும் அடிக்கடி நடப்பது. அப்படி ரொய்ட்ஸ் ஆகிவிட்டால் 78. ஒலிக்குறியில் இந்த இரண்டுமே தட்டுப்படாது. இதற்கு, எந்த எழுத்துக்கும் பதிலாக நிற்கும் நட்சத்திரக் குறி (*) போட்டுத் தேடுவதுதான் வழி: முதலெழுத்தைக் கே என்றும் ஆர் என்றும் மாற்றிப் போட்டு, நடுவை விட்டுவிட்டு, கடைசி இசட்டை மட்டும் பிடித்துக்கொள்வது. ஊரையும் பத்து வருஷ வரம்பையும் கூடவே கொடுத்தால் முடிவுகள் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். எங்கள் வரிசையில் வரும் நெசவாளர் ஒருவரின் மூத்த மகள் ரொய்ட்ஸ் என்ற பெயரில் ஒரு பட்டியலில் தூங்கிக்கொண்டிருந்தாள். மூலப் படத்தைத் திறந்து பார்த்தால், சந்தேகத்துக்கு இடமில்லாத கே.

மூன்றாவது வகை, பிழையே அல்ல, இலக்கணம். 18ஆம் நூற்றாண்டுப் பதிவேடுகளில் பெண்ணின் குடும்பப் பெயரோடு 'இன்' விகுதி சேர்ப்பார்கள். க்ரொய்ட்ஸ் வீட்டுப் பெண் க்ரொய்ட்ஸின். ஒலிக்குறி இப்போது 4786. இதை அறியாமல் தேடினால் ஒரு குடும்பத்தில் ஆண்பிள்ளைகள் மட்டும் பிறந்து பெண்களே பிறக்காதது போலத் தோன்றும். இதன் மறுபக்கமும் உண்டு. விகுதியைப் பெயரின் பகுதி என்று நினைத்துப் பட்டியலிட்டு, இல்லாத ஒரு குடும்பத்தையே சிலர் உருவாக்கி வைத்திருக்கிறார்கள். வம்சாவளி மரங்களை இணையத்தில் ஏற்றுகிறவர்கள் இதை ஒருதரம் சரிபார்த்தால் பல பேருக்கு நிம்மதி. கத்தோலிக்கப் பதிவேடு என்றால் இன்னொரு சங்கடம், அவை லத்தீனில் இருக்கும். ம்யுல்லர் மோலிட்டர் ஆவார், ஷ்னைடர் சார்ட்டர் ஆவார். எங்களவர்கள் புராட்டஸ்டன்ட் என்பதால் அந்தத் தொல்லை குறைவு.

புராட்டஸ்டன்ட் திருச்சபைப் பதிவேடுகள் ஆர்க்கியோன் தளத்தில் கட்டணத்துக்குக் கிடைக்கின்றன. ப்ஃபால்ஸ் திருச்சபையின் மைய ஆவணக் காப்பகம் ஷ்பையர் நகரில் இருக்கிறது, அதன் தொகுப்பும் ஆர்க்கியோனில் உண்டு. எல்லாம் படங்கள். பக்கம் பக்கமாகப் புரட்டுவதுதான் வேலை. சில புத்தகங்களின் கடைசியில் பாதிரியாரே போட்ட அகரவரிசை இருக்கும். சந்தோஷப்பட்டு அதை மட்டும் பார்த்து முடித்துவிடக் கூடாது. சில வரிசைகள் குடும்பப் பெயர்ப்படி அல்ல, ஞானஸ்நானப் பெயர்ப்படி. பலவற்றில் சி-யும் கே-யும் ஒரே தலைப்பில், எஃப்-பும் வி-யும் ஒரே தலைப்பில். அக்காலத்தவர்களே எழுத்தை நம்பவில்லை, ஒலியைத்தான் நம்பினார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இந்தக் கட்டத்தில் ஒரு விரிதாள் தொடங்கினேன். தேதி, ஊர், பதிவின் வகை, பெயர் எழுதியபடியே, தொழில், மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர், ஞானப்பெற்றோர் (ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்பவர்கள்). இவ்வளவையும் எல்லாரும் குறிப்பார்கள். நான் சேர்த்த ஒரு நெடுவரிசை, 'எழுதியவர் யார்' என்பது. பாதிரியாரின் பெயர் தெரிந்தால் பெயர், தெரியாவிட்டால் கையெழுத்து ஒன்று, கையெழுத்து இரண்டு என்று. பதிவுகள் கொஞ்சம் சேர்ந்த பிறகு அந்த நெடுவரிசைப்படி வரிசைப்படுத்திப் பார்த்தபோது படம் தெளிந்தது. ஒரு கையெழுத்து முழுக்கச் சி, ஈ-யூ. அடுத்த கையெழுத்து முழுக்கக் கே, ஈ-ஐ. நடுவில் கொஞ்ச காலம் ஜி போட்ட ஒருவர். குடும்பம் எழுத்தை மாற்றவே இல்லை. பாதிரியார் மாறும்போதெல்லாம் எழுத்து மாறியது. ஒரே தம்பதியின் மூத்த பிள்ளைகள் ஒரு எழுத்தில், கடைக்குட்டிகள் வேறு எழுத்தில். நடுவே அந்தச் சபைக்குப் புதுப் பாதிரியார் வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

அதே நெடுவரிசை க்ரவ்ஸ் தொல்லையையும் தீர்த்தது. பக்கத்து ஊரில் ஒரு க்ரவ்ஸ் குடும்பம். அவர்களும் சணல்நூல் நெசவாளர்கள், ஆண்பிள்ளைகளுக்கு வைத்த பெயர்களும் ஏறக்குறைய அதே. ஒலிக்குறியும் ஒன்று. ஒரே ஆள்தான் என்று முடிவுகட்ட எல்லா ஆசையும் வரும். ஆனால் ஒரே பாதிரியார், ஒரே வருஷத்தில், சில சமயம் ஒரே பக்கத்தில், இந்த வீட்டை எப்போதும் ஈ-யூ என்றும் அந்த வீட்டை எப்போதும் ஏ-யூ என்றும் எழுதுகிறார். ஒரே பேனா இரண்டு எழுத்தை மாறாமல் கடைப்பிடித்தால் அது இரண்டு குடும்பம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஞானப்பெற்றோர் பட்டியலைப் பார்த்தபோதும் ஒரு வீட்டார் மற்ற வீட்டுக் குழந்தைக்கு வந்து நின்றதே இல்லை. க்ரவ்ஸ் குடும்பத்தை மொத்தமாக ஒதுக்கினேன்.

ஞானப்பெற்றோரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. எழுத்து தடுமாறும்போது ஆளை நிறுத்திப் பிடிக்க இதைப் போன்ற கொக்கி வேறில்லை. குழந்தைக்கு ஞானத்தகப்பனின் பெயரையே வைப்பார்கள். அவர் பெரும்பாலும் தாய்மாமனாகவோ சித்தப்பாவாகவோ அடுத்த வீட்டுக்காரராகவோ இருப்பார். வெறும் யோஹான் என்ற பெயரை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அண்ணன் தம்பி அத்தனை பேருக்கும் முன்னால் யோஹான் இருக்கும், கூப்பிடுவது இரண்டாவது பெயரால். ஆனால் தொழில், மனைவியின் வீடு, ஞானப்பெற்றோர் மூன்றும் பொருந்தினால் குடும்பப் பெயர் எந்த எழுத்தில் இருந்தாலும் கவலையில்லை. மூன்றில் ஒன்றுதான் பொருந்துகிறது என்றால், எழுத்து அச்சு அசலாக ஒத்தாலும் நான் சேர்ப்பதில்லை.

பிறகு பிரெஞ்சுக் காலம். ரைனுக்கு மேற்குக்கரை முழுவதும் அப்போது பிரான்சின் கையில். 1798-லேயே அரசுப் பதிவு முறை வந்துவிட்டது. ஜெர்மனியின் மற்ற பகுதிகளுக்கு முக்கால் நூற்றாண்டு முன்னதாக! மாண்ட் டொன்னேர் என்று ஒரு மாவட்டம், தலைநகர் மைன்ஸ். பதிவுகள் பிரெஞ்சு மொழியில். யோஹான் எல்லாம் ஜான் ஆகிவிட்டார்கள். 1805 முடிய தேதிகள் பிரெஞ்சுப் புரட்சி கொண்டுவந்த குடியரசு நாட்காட்டிப்படி: பத்தாம் ஆண்டு வாந்தெமியேர் மாதம் 10 என்று போட்டிருந்தால் 1801 அக்டோபர் 2. மாற்றித் தரும் கருவிகள் நிறைய உண்டு, கையால் கணக்குப் போட வேண்டாம்.

இந்தப் பதிவுகளின் அருமை, சம்பந்தப்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டிருப்பது. ஒரு கல்யாணப் பதிவில் எழுத்தர் உள்ளே சி-யும் ஈ-யூ-வும் போட்டு எழுதியிருக்கிறார். கீழே மாப்பிள்ளை கே, ஈ-ஐ, டி-இசட் என்று கையெழுத்திடுகிறார். அவருக்குப் பக்கத்தில் அவரைப் பெற்ற தகப்பன் கே, ஈ-யூ, வெறும் இசட். ஒரே தாளில், ஒரே நாளில், ஒரே மேசையில் மூன்று எழுத்து. இந்தப் பக்கத்தை அச்செடுத்து மாமியாரிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "தகப்பனுக்கு டி போடத் தெரியவில்லை," என்றார். வெறும் இசட்காரர்கள் அன்றைக்கே பட்டியலில் ஏறினார்கள்.

இந்தக் குழப்பம் அக்கால அரசுக்கும் தெரியும். நெப்போலியனின் சட்டப்படி மணமக்கள் பிறப்புப் பதிவின் நகலையும், பெற்றோர் உயிரோடில்லாவிட்டால் இறப்புப் பதிவின் நகலையும் கொண்டுவர வேண்டும். நகலில் ஒரு எழுத்து, ஆள் சொல்வது வேறு எழுத்து. ஒவ்வொன்றுக்கும் நீதிமன்றம் போய்த் திருத்தினால் யாருக்கும் கல்யாணமே நடக்காது. 1808 மார்ச்சில் பாரிஸின் அரசு ஆலோசனை மன்றம் ஒரு கருத்துரை தந்தது: பெயரின் எழுத்து மட்டும் வேறுபட்டால், பெற்றோரோ அவர்கள் இல்லாத பட்சத்தில் சாட்சிகளோ "இது அதே ஆள்தான்" என்று உறுதி சொன்னால் போதும். அத்தகைய உறுதிமொழி எழுதிய கல்யாணப் பதிவு கிடைத்தால் அது தங்கம். இரண்டு எழுத்தும் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று அன்றைய அதிகாரியே எழுதித் தந்த சான்று. கல்யாணப் பதிவோடு இணைத்த நகல்கள் தனிக் கட்டாக இருக்கும். ப்ஃபால்ஸில் தேடுகிறவர்கள் பிரதான பதிவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டாம், அந்தக் கட்டையும் கேளுங்கள்.

கொஞ்சம் அமெரிக்கா. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் நெசவாளரின் ஒரு சகோதரனைப் பற்றிப் பதிவேட்டின் ஓரத்தில் பாதிரியார் "பென்சில்வேனியாவுக்குப் போனவன்" என்று குறித்திருக்கிறார். 1727 முதல் ஃபிலடெல்ஃபியாவில் இறங்கிய ஜெர்மானியர்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும். அதனால் ஒரே கப்பலுக்கு மூன்று பட்டியல்வரை உண்டு: கப்பல் தலைவன் தந்தது ஒன்று, பிரமாணப் பட்டியல்கள் இரண்டு. தலைவன் பட்டியல் ஆங்கிலக் காது கேட்டபடி. பிரமாணப் பட்டியல்களில் எழுதத் தெரிந்தவர்கள் தாங்களே கையெழுத்திட்டார்கள்; தெரியாதவர்கள் குறி மட்டும் போட, பெயரை எழுத்தர் எழுதினார். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே ஆள் மூன்று பேராகத் தெரிவார். எனவே எந்தப் பட்டியலில் கையெழுத்து, எதில் குறி என்பதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

அங்கே போன இந்தப் பெயர்க்காரர்கள் சிலரின் சந்ததி க்ரைட்ஸ் என்ற ஒலியை சி-ஆர்-ஐ-டி-ஈ-எஸ் என்று ஆங்கில வழக்கில் எழுதிக்கொண்டது. கொலோன் குறியில் அது 4728, ஆக நம் 478-இல் வராது. டி-க்கும் எஸ்-சுக்கும் நடுவே ஒரு ஈ புகுந்ததால் வந்த வினை. அமெரிக்கர்களின் சவுண்டெக்ஸ் முறையில் (1918-இல் ராபர்ட் ரஸல் காப்புரிமை பெற்றது) அதற்கு சி632. சி-யில் தொடங்கும் நம் பெயருக்கும் சி632. பொருந்திவிட்டது. ஆனால் சவுண்டெக்ஸ் முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். கே-யில் தொடங்கினால் கே632, வேறு பெட்டி. டி இல்லாமல் எழுதினாலோ கே620. ஜெர்மன் பதிவுக்குக் கொலோன் குறி, அமெரிக்கப் பதிவுக்கு முதலெழுத்தை மாற்றி மாற்றி சவுண்டெக்ஸ் என்று பிரித்துக்கொண்டேன். சகோதரனைப் பொறுத்தவரை கப்பல் பட்டியலில் ஒரு ஆள் இருக்கிறார். வயது ஒத்துப்போகிறது, வேறெதுவும் இன்னும் இல்லை. மரத்தில் ஏற்றவில்லை, குறிப்பில் மட்டும்.

சேமித்து வைக்கும் முறைக்கு வருகிறேன். நான் பயன்படுத்துவது கிராம்ப்ஸ், இலவச மென்பொருள். ஒரே ஆளுக்கு முதன்மைப் பெயரோடு மாற்றுப் பெயர்கள் எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஆதாரம் கட்டலாம். எந்தக் குடும்பப் பெயரின் கீழ் தொகுக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லவும் இடமிருக்கிறது. எல்லாரையும் கே, ஈ-யூ, டி-இசட் என்ற இன்றைய எழுத்தின் கீழ் தொகுத்தேன். அது தேடும் வசதிக்கு. ஆள் ஒவ்வொருவரின் பதிவிலும், ஆவணத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே, 'இன்' விகுதி உட்பட. திருத்தி எழுதுவது கூடவே கூடாது. அழகாக ஒரே மாதிரி ஆக்கிவிட்டால் எந்தப் பாதிரியார் எழுதினார் என்ற தடயமும் சேர்ந்து அழிந்துவிடும். சில மென்பொருள்கள் இறக்குமதி செய்யும்போது பெயர்களைத் தாமாகவே ஒருமுகப்படுத்தக் கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த முறை ப்ஃபால்ஸுக்கும் அதன் அண்டைப் பகுதிகளுக்கும் பொருந்தும். வெஸ்ட்ஃபாலியாவில் பண்ணைக்கு வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவன் பண்ணையின் பெயரையே எடுத்துக்கொள்வான்; அங்கே எழுத்து அல்ல, பெயரே மாறும். கிழக்கு ஃப்ரீஸ்லாந்தில் 1811-இல் நெப்போலியன் ஆணை வரும்வரை பலருக்கு நிலையான குடும்பப் பெயரே இல்லை, தகப்பன் பெயர்தான். அங்கெல்லாம் ஒலிக்குறி எதற்கும் உதவாது.

இப்போது நிற்கும் இடம்: 1720களில் சீர்திருத்தச் சபையின் (புராட்டஸ்டன்ட்களில் கால்வின் வழி வந்த பிரிவு) பதிவேட்டில் ஒரு திருமணம், மணமகன் பெயர் ஜி-யில் தொடங்குகிறது. தொழில் நெசவு. மணமகள் வீட்டுப் பெயர், பின்னால் எங்கள் வரிசையில் ஒரு ஞானத்தாயாக வரும் பெண்ணின் வீட்டுப் பெயரே. மூன்றில் இரண்டு. ஆனால் பிள்ளைகளின் ஞானஸ்நானம் அந்தப் பதிவேட்டில் இல்லை. ப்ஃபால்ஸில் லூத்தரன் சபையும் சீர்திருத்தச் சபையும் 1818-இல்தான் ஒன்றானவை; அதற்குமுன் இரண்டுக்கும் தனித்தனிப் புத்தகம், பக்கத்துப் பக்கத்துக் கிராமங்களில். அடுத்து திறக்க வேண்டியது லூத்தரன் புத்தகம். அங்கே எழுதியவர் வேறு பாதிரியார், அவருடைய பழக்கம் என்ன எழுத்து என்று முதலில் பத்துப் பக்கம் வேறு குடும்பங்களைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் எங்களவர்களைத் தேடப்போகிறேன்.